வன்னியில் பழைய ஒலிக்கருவி விற்பவர்களுக்கு: எங்கே கேட்கவைப்பது, எங்கே காசு வாங்குவது?

கைத்தொலைபேசி ஒன்றை விற்பதென்றால் கிளிநொச்சி பஸ் நிலையத்தில் நின்றபடியே விற்றுவிடலாம். வாங்குபவர் திறந்து பார்ப்பார், ஓர் அழைப்பு எடுப்பார், காசைத் தந்துவிட்டுப் போவார். பதினைந்து அங்குல ஸ்பீக்கர் பொக்ஸ் இரண்டை அப்படி விற்க முடியாது. ஒன்றைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். மின்சாரம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குபவர் தன் காதால் கேட்க வேண்டும். அதனால்தான் விளம்பரம் போட்ட அன்றே தொலைபேசியில் அந்தக் கேள்வி வருகிறது: "அண்ணை, வீட்டுக்கு வந்து ஒருமுறை கேட்டுப் பார்க்கலாமா?" நாமும் "வாருங்கள் தம்பி" என்று சொல்லி, எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், எந்த நிறப் படலை என்பது வரைக்கும் சொல்லிவிடுகிறோம்.

பரந்தன் முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு கிராமத்தில் பல ஆண்டுகள் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவன் நான். கோயில் திருவிழா, கல்யாண வீடு, செத்த வீடு, பாடசாலை விளையாட்டுப் போட்டி என்று ஓடித் திரிந்த சாமான்கள். முதுகு ஒத்துழைக்காத காரணத்தால் ஒவ்வொன்றாக விற்கத் தொடங்கினேன். பொக்ஸ்கள், இரண்டு அம்பிளிபயர், பல மைக்குகளின் ஒலியைச் சேர்த்து அளவாக்கும் ஒரு மிக்சர், கூம்பு ஒலிபெருக்கிகள், மைக்குகள் என்று விற்றபோது ஐந்தாறு வழிகளையும் முயன்று பார்த்துவிட்டேன். ஒன்றில் ஏமாந்தேன். இன்னொன்றில் பயந்தேன். அந்த வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எதை எப்போது தெரிவு செய்யலாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. வாங்க வருபவர் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிப்பதைத் தவறாக எடுக்கக் கூடாது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றரி வன்னிக்குள் வர முடியாத பொருளாக இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டு வளர்ந்த தலைமுறை இது. சுற்றுகிறவரின் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சேர்ந்து இறங்கும். அப்படிக் கேட்டவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் ஒலிக்கருவி என்பது அலங்காரப் பொருள் அல்ல. பெரும்பாலானோர் நேர்மையாகக் காசு சேர்த்து வாங்க வருகிறவர்கள். நம்மைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு அவர்களையும் காக்கும் ஏற்பாடாகவே இருக்க வேண்டும்.

வீட்டில் விற்பது

வீட்டில் விற்பதன் வசதியை மறுக்க முடியாது. சாமான் இருந்த இடத்தில் இருக்கும். வயர்கள் ஏற்கெனவே பூட்டியிருக்கும். நமக்குப் பழக்கமான பாட்டைப் போட்டுக் காட்டலாம். விலையும் நன்றாகவே கிடைக்கும், ஏனென்றால் நன்றாக ஒலிக்கும் கருவியைக் கேட்டவர் அதிகம் பேரம் பேசமாட்டார்.

ஆனால் வன்னி வீடு எப்படிப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் மதிலோடு மதில் ஒட்டிய வீடு அல்ல. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வளவு. அடுத்த வீட்டுக் கூரை தென்னைகளுக்கு அப்பால் தெரியும், ஆனால் இங்கிருந்து கூப்பிட்டால் அங்கே கேட்காது. கிணற்றடியில் நீர் இறைக்கும் இயந்திரம், கொட்டிலில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், விறாந்தையில் தையல் மெஷின். வருகிறவர் ஒரு மிக்சரைப் பார்க்கத்தான் வருகிறார், ஆனால் நம் வீட்டில் என்னென்ன இருக்கிறது, எது எங்கே இருக்கிறது, பகலில் யார் இருப்பார்கள் என்ற முழுக் கணக்கையும் எடுத்துக்கொண்டு போக முடியும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஓர் அம்பிளிபயரைப் பார்க்க ஒருவர் வருவதாகச் சொல்லி மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் என்னோடு இருந்து கேள்வி கேட்டார். இன்னொருவர் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி நின்றார். மூன்றாமவர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கிணற்றடிக்குப் போனவர், கால்மணி நேரமாகத் திரும்பவில்லை. போகும்போது, "அண்ணை, இந்தப் பெரிய வளவில் நீங்கள் இரண்டு பேர் மட்டும்தானா?" என்று கேட்டார்கள். அம்பிளிபயரை வாங்கவில்லை. இரண்டு கிழமை கழித்து ஓர் இரவு எங்கள் வாட்டர் பம்ப் காணாமல் போனது. அவர்கள்தான் எடுத்தார்கள் என்று சொல்ல என்னிடம் எந்தச் சான்றும் இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு மனைவி பல இரவு சரியாகத் தூங்கவில்லை. ஒரு அம்பிளிபயரின் விலையை விட அது பெரிய நட்டம்.

ஆகவே வீடு என்பது என் கணக்கில் கடைசி வழி. வேறு வழியே இல்லை என்றால் சாமானை வீட்டுக்குள் வைத்துக் காட்டாதீர்கள். முற்றத்தில் ஒரு மேசை போட்டு, நீட்டு வயர் இழுத்து அங்கே காட்டுங்கள். யார் யார் வருகிறார்கள் என்று முன்பே கேளுங்கள், சொன்னதை விடக் கூட ஆள் வந்தால் படலையில் வைத்தே பேசி அனுப்புங்கள். அயலவர் ஒருவரை அந்த நேரத்துக்குக் கூப்பிட்டு வைத்திருங்கள், அவர் சும்மா கதிரையில் இருந்தாலே போதும். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வேண்டவே வேண்டாம். வேலை முடிந்துதான் வர முடியும் என்பவர் ஞாயிறு காலையில் வரட்டும். போரில் கணவனை இழந்து பிள்ளைகளோடு தனியே இருக்கும் பெண்கள் வன்னியில் ஏராளம். கணவரோ மகனோ விட்டுச் சென்ற ஒலிச்சாமான்களை அவர்கள் விற்க நேர்கிறது. அந்தச் சகோதரிகளுக்கு நான் நேராகவே சொல்வேன்: எவ்வளவு நல்ல குரலில் பேசினாலும் முன்பின் தெரியாதவரை வீட்டுக்கு அழைக்காதீர்கள். விளம்பரத்தில் உங்கள் சொந்த எண்ணுக்குப் பதிலாகத் தம்பியின் அல்லது மாமாவின் எண்ணைக் கொடுங்கள், பேச்சு முழுவதையும் அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

விளம்பரப் படத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொக்ஸுக்குப் பின்னால் அலுமாரி, தொலைக்காட்சி, சுவரில் குடும்பப் படம், பாடசாலைச் சீருடையோடு பிள்ளை என்று எல்லாம் விழும்படி எடுத்த படங்களை முகநூலில் நாள்தோறும் பார்க்கிறேன். ஒரு வெள்ளைச் சேலையைப் பின்னால் கட்டிவிட்டு எடுங்கள். இடம் கேட்கும் கட்டத்தில் "கிளிநொச்சி" என்றோ "புதுக்குடியிருப்பு" என்றோ போட்டால் போதும்.

சந்தியில் விற்பது

பொது இடத்தில் சந்தியுங்கள் என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. வன்னியில் அதற்கு நல்ல இடங்கள் இருக்கின்றன. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடி ஒன்று. ஏ9 வீதியால் போகும் வாகனங்கள் அங்கே நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போகும். கச்சான் கடைகளில் எப்போதும் ஆள் இருக்கும். பரந்தன் சந்தி, மாங்குளம் சந்தி, கிளிநொச்சிச் சந்தை வாசல் என்பனவும் அப்படித்தான். கடைக்காரர் பலருக்கு நம் முகம் தெரியும் என்பதே பெரிய காவல்.

மின்சாரம் இல்லாத இடத்தில் எதைக் கேட்பது என்ற கேள்வி வரும். ஸ்பீக்கருக்கு ஒரு வழி உண்டு. டோர்ச் லைட்டில் போடும் ஒன்றரை வோல்ட் பற்றரி ஒன்றையும் இரண்டு துண்டு வயரையும் எடுத்துப் போங்கள். நேர்முனையைச் சிவப்பு முனையிலும் மறுமுனையைக் கறுப்பு முனையிலும் ஒரு நொடி தொடுங்கள். "டொக்" என்று ஒரு சத்தம் வரும். பெரிய ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பு வழமையாக முன்னுக்குத் தள்ளும். சத்தமே இல்லையென்றால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் அறுந்திருக்கலாம். பிறகு இரண்டு கைகளின் விரல்களையும் கூம்பின் இரு பக்கமும் சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். சத்தமின்றி உள்ளே போய் வெளியே வந்தால் நல்லது. மணலில் தேய்ப்பது போன்ற "சர்" என்ற உராய்வு விரலில் தட்டுப்பட்டால் சுருள் கருகி உள்ளே உரசுகிறது என்று பொருள். மல்டிமீட்டர் இருந்தால் எட்டு ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய ஆறு ஓம் காட்டும், அது பழுதல்ல. இதையெல்லாம் வாங்குபவரின் கையாலேயே செய்யவிடுங்கள். பிறகு அவருக்குச் சந்தேகம் இருக்காது.

அம்பிளிபயருக்கும் மிக்சருக்கும் இது உதவாது. மிக்சரின் குமிழ்களைத் திருப்பும்போது வரும் கரகரப்பும், அம்பிளிபயரின் அடியில் ஓடும் இரைச்சலும் மின்சாரம் கொடுத்தால்தான் தெரியும். ஆகவே சந்தி என்பது மைக், ஹெட்போன், சிறிய புளூடூத் ஸ்பீக்கர், கூம்பு ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கு ஏற்ற இடம். பெரிய கருவிகளை அங்கே விற்றால் கேட்காமல் வாங்கியவர் அடுத்த நாள் "வேலை செய்யவில்லை" என்று திரும்புவார். அந்தச் சண்டை நம் படலைக்கே வந்துவிடும்.

பொலிஸ் நிலைய வாசலில் வைத்து விற்கலாம் என்று வெளிநாட்டிலிருக்கும் உறவினர்கள் சொல்வார்கள். அங்கே அது வழக்கமாக இருக்கலாம். இங்கே வாங்குபவரில் பாதிப்பேர் அந்த இடத்தின் பெயரைக் கேட்டதுமே வரமாட்டார்கள், அதில் நேர்மையானவர்களும் அடக்கம். எங்கள் மக்களின் அனுபவம் அப்படி. வங்கி வாசல் அதே பாதுகாப்பைத் தரும். காவலாளி இருக்கிறார், கமரா இருக்கிறது, யாரும் தயங்கவும் மாட்டார்கள்.

திருத்தும் கடை

இனி நான் நெஞ்சார விரும்பும் வழிக்கு வருகிறேன். வானொலி, தொலைக்காட்சி, அம்பிளிபயர் திருத்தும் கடை நம் சிறு நகரங்கள் எல்லாவற்றிலும் ஒன்றாவது இருக்கிறது. ஈயம் உருகும் வாசனையும், திறந்து கிடக்கும் பெட்டிகளும், சுவரில் சாமிப் படத்துக்குக் கீழே தொங்கும் வயர்க் கட்டுகளுமாக இருக்கும். அந்த மேசையில் நமக்குத் தேவையான எல்லாம் இருக்கின்றன: 230 வோல்ட் மின்சாரம், சோதனை ஸ்பீக்கர், மல்டிமீட்டர், கருவியை அறிந்த ஒரு மனிதர், பகல் வெளிச்சம், வீதியில் ஆள் நடமாட்டம்.

என் இரண்டாவது அம்பிளிபயரை அப்படித்தான் விற்றேன். கடைக்காரர் தம்பி அதை நேரடியாக மின்சாரத்தில் பூட்டவில்லை. பழைய காலத்து இழை மின்குமிழ், நூறு வாட், அதைத் தொடராக இணைத்த ஒரு பலகை வைத்திருந்தார். அதன் வழியாகப் பூட்டினார். ஆளியைப் போட்டதும் குமிழ் ஒரு கணம் பிரகாசமாக எரிந்தது, பிறகு மங்கி, இழை மட்டும் செம்மஞ்சளாக மினுங்கியது. "பார்த்தீர்களா அண்ணை, மங்கிவிட்டது. உள்ளே ஷோட் இல்லை" என்றார். பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே எங்கோ குறுக்குத் தொடுப்பு என்று பொருள். வாங்க வந்தவர் அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒரு மணி நேரம் பேசி உண்டாக்க முடியாத நம்பிக்கையை அந்தக் குமிழ் அரை நிமிடத்தில் உண்டாக்கியது.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். கடைக்காரரும் வாங்குபவரும் முன்பே பழகியவர்களாக இருந்தால், "டிரான்ஸ்போமர் பலவீனம், விலையைக் குறைக்க வேண்டும்" என்று ஒரு சொல் விழலாம். அதனால் கடையை நீங்கள் தெரிவு செய்யுங்கள், வாங்குபவருக்கும் ஆட்சேபம் இல்லாததாக இருக்கட்டும். சோதிக்கும் கூலியை முன்பே பேசி இருவரும் பாதிப் பாதியாகக் கொடுங்கள். ஒருவர் மட்டும் கொடுத்தால் கொடுத்தவர் பக்கம் பேசியதாக மற்றவர் நினைப்பார். தூக்கிக்கொண்டு போகும் செலவும் இருக்கிறது. ஓட்டோவுக்கோ பட்டா என்னும் சிறு லொறிக்கோ கொடுக்கும் அந்தக் காசை விலையில் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். காரணத்தைச் சொன்னால் நல்ல மனிதர் மறுக்கமாட்டார். கடைக்கு வரமாட்டேன், வீட்டில்தான் பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பவரை நான் விட்டுவிடுகிறேன். அவருடைய காசு எனக்குத் தேவையில்லை.

கனடாவிலிருந்து உறவினர் அனுப்பிய கருவி என்றால் திருத்தும் கடை கட்டாயம். அங்கே மின்சாரம் 120 வோல்ட். சுவிஸ், ஜேர்மனி, லண்டன் சாமான்கள் நம் மின்சாரத்தில் ஓடும். 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்த கனடாச் சாமானை டிரான்ஸ்போமர் இல்லாமல் நேரே பூட்டினால் அந்த இடத்திலேயே கருகிவிடலாம். வாங்குபவர் கையால் கருகினாலும் பழி நம் மேல்தான் வரும். விளம்பரத்திலேயே "120 வோல்ட், டிரான்ஸ்போமர் தேவை" என்று எழுதுங்கள், பிளக்கிலும் ஒரு துண்டு ஒட்டிவிடுங்கள்.

பெரிய பொக்ஸ்களைத் திருத்தும் கடையின் சிறு இடத்தில் முழுச் சத்தத்தில் கேட்க முடியாது. அதற்கு ஊரின் சனசமூக நிலையமோ பொதுநோக்கு மண்டபமோ நல்லது. தலைவரிடமோ செயலாளரிடமோ ஒரு சொல் கேட்டால் பகலில் ஒரு மணி நேரம் திறந்து தருவார்கள். திறந்த வெளியில் அலறவிடாதீர்கள், கதவைச் சாத்திவிட்டு அளவான சத்தத்தில் கேட்கவையுங்கள். இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2007 இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை வாடகைக்கு விட்டவர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். மண்டபத்தில் விற்பதில் உள்ள சங்கடம் வேறு. சத்தம் கேட்டதும் ஊரே கூடும். என்ன விலைக்குப் போனது, யார் கையில் எவ்வளவு காசு வந்தது என்பது மாலைக்குள் கடைசி ஒழுங்கை வரைக்கும் தெரிந்துவிடும். அதனால் மண்டபத்தில் கேட்கவைக்கலாம், காசை மட்டும் அங்கே கைமாற்றாதீர்கள்.

பஸ்ஸில் போட்டு விடுவதையும் கூரியரையும் விரைவாகக் கடந்துவிடலாம். மைக் போன்ற சிறு சாமான்களுக்குச் சரி, அதுவும் காசு முழுவதும் நம் கணக்கில் விழுந்த பிறகு. அம்பிளிபயரின் டிரான்ஸ்போமர் கனம், ஒரு குழியில் பஸ் விழுந்தாலே உள்ளே பலகையை உடைத்துவிடும். உடைந்ததற்கு நடத்துநர் பொறுப்பல்ல, கொழும்பில் இருக்கும் வாங்குபவர் நம்பமாட்டார். பொதி கட்டும்போது காணொளி எடுத்து வைத்திருந்தால் ஓரளவு பேசலாம்.

மற்றொரு வழி, வாடகைக்கு விடும் தொழிலில் இருக்கும் ஒருவரிடமே மொத்தமாகக் கொடுப்பது. விலை குறையும், நிச்சயமாகக் குறையும். ஆனால் அவர் கருவியைப் பார்த்த மாத்திரத்தில் அறிவார், திரும்பி வந்து தொல்லை தரமாட்டார், ஒரே நாளில் எல்லாம் முடியும். வெளிநாடு போகும் அவசரத்தில் இருப்பவர்களும் வயதானவர்களும் இந்த வழியைக் குறைவாக மதிப்பிட வேண்டாம்.

காசு

இடத்தைப் பற்றி இவ்வளவு கவனமாக இருந்த நான் ஏமாந்தது காசு விடயத்தில். மிக்சரை வாங்கியவர் மிக மரியாதையான பையன். விலை 65,000 ரூபாய். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், மறுநாள் கோயில் திருவிழா, அவசரம் என்றார். என் கண்முன்னே கைத்தொலைபேசியில் தட்டினார். திரையில் என் பெயர் சரி, கணக்கிலக்கம் சரி, தொகை சரி, பச்சை நிறத்தில் பெரிய சரி அடையாளம். அந்தத் திரையைப் படமெடுத்து எனக்கு வட்ஸ்அப்பிலும் அனுப்பினார். சற்று நேரத்தில் ஒரு குறுஞ்செய்தியும் வந்தது. நான் அதன் வாசகத்தைப் பார்த்தேன், அனுப்பியவர் யார் என்று பார்க்கவில்லை. வங்கியின் பெயருக்குப் பதிலாகச் சாதாரணமான ஒரு பத்து இலக்க எண்ணிலிருந்து வந்திருந்தது. மிக்சரைத் தூக்கிக் கொடுத்து, வயர்களையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன். திங்கட்கிழமை வங்கியில் ஒரு ரூபாயும் வந்திருக்கவில்லை. அந்த எண்ணும் அணைந்துவிட்டது.

அதன் பிறகுதான் ஒவ்வொரு முறையையும் உட்கார்ந்து ஒப்பிட்டேன். வங்கிகளுக்கிடையே லங்காபே வலையமைப்பில் நடக்கும் செஃப்ட்ஸ் பரிமாற்றம் சில நொடிகளில் நம் கணக்குக்கு வந்துவிடும், இரவிலும் விடுமுறை நாளிலும்கூட. ஆகவே "அனுப்பிவிட்டேன், திங்கட்கிழமை காட்டும்" என்றால் ஒன்று அவர் வேறு முறையில் அனுப்பியிருக்கிறார், அல்லது அனுப்பவே இல்லை. இரண்டிலும் நம் பதில் ஒன்றுதான்: காட்டட்டும், காட்டிய பிறகு வந்து எடுத்துப் போங்கள். அவருடைய திரையையும் குறுஞ்செய்தியையும் பாராமல், நம் கைத்தொலைபேசியில் நம் வங்கிச் செயலியைத் திறந்து மீதியைப் பார்க்க வேண்டும். செயலி இல்லாதவர்கள் அட்டையை எடுத்துப் போய் பணப்பொறியில் பார்க்கலாம்.

கையில் காசாக வாங்குவது நம் ஆட்களுக்குப் பிடித்த முறை. அதில் இரண்டு ஆபத்துகள். ஒன்று கள்ள நோட்டு. 5000 ரூபாய் நோட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நோட்டில் அச்சிட்டிருக்கும் அதே பறவை நீர்க்குறியாகத் தெரிய வேண்டும். விரல் நுனியால் தடவினால் அச்சின் மேடு தட்டுப்பட வேண்டும். மாலை மங்கலில், அவர் அவசரப்படுத்தும்போது இதைச் செய்ய முடியாது. இரண்டாவது, அந்தக் காசோடு வீட்டுக்குப் போகும் பாதை. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் காடு சூழ்ந்த வீதியில் மோட்டார் சைக்கிளில் தனியே போகிறவர் இதை யோசிக்க வேண்டும்.

நான் இப்போது கடைப்பிடிப்பது இதுதான். வாங்குபவர் என்னோடு வங்கிக்கு வருவார். அவரே வைப்புச் சீட்டை நிரப்பி, காசாளரிடம் காசைக் கொடுத்து என் கணக்கில் போடுவார். நோட்டைப் பார்ப்பது காசாளரின் கண், எண்ணுவது இயந்திரம். என் சட்டைப் பையில் ஒரு ரூபாயும் இல்லாமல் வீட்டுக்குப் போகலாம். வங்கி பிற்பகல் 3 மணியளவில் மூடிவிடும் என்பதால் விற்பனையும் தானாகவே பகலில் முடிந்துவிடுகிறது. நேரம் பிந்தினால் பணம் வைப்பிடும் இயந்திரம் இருக்கிறது. திருத்தும் கடையில் கேட்பது, வங்கியில் கொடுப்பது, பிறகு கடைக்குத் திரும்பி வந்து ஏற்றுவது. இரண்டு இடத்துக்கு அலைய வேண்டும், ஆனால் என் வீடு எங்கே என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

காசோலை வேண்டாம். "கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்" என்பவருக்கு ஒரு சதமும் அனுப்ப வேண்டாம், வங்கி சொல்லட்டும். காசு பெற்றுக்கொள்ள ஒரு இணைப்பை அழுத்துங்கள், கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்பவர் உங்கள் கணக்கைத் திறக்கப் பார்க்கிறார். காசு வாங்குவதற்குக் கணக்கிலக்கமும் பெயரும் வங்கிக் கிளையும் போதும்.

தெரிந்தவருக்குக் கடனாகக் கொடுப்பதையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் நட்டப்பட்டவர்களில் பலர் அந்நியரிடம் ஏமாந்தவர்கள் அல்லர். "மாமா, பாதியை இப்போது தருகிறேன், மிச்சம் நெல் வெட்டியதும்" என்று கேட்கும் மருமகனுக்கு எப்படி இல்லை என்பது? கொடுக்கலாம், ஆனால் மிச்சம் வராவிட்டாலும் மனம் நோகாத சாமானை மட்டும். மற்றதற்கு, முழுக் காசும் சேரும்வரை கருவியை நானே பத்திரமாக வைத்திருக்கிறேன், வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று உறுதி சொல்லுங்கள். உறவும் கெடாது.

எழுத்தும் அடையாளமும்

ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள். கருவியின் பெயர், தொடர் இலக்கம், விலை, திகதி, "கேட்டுப் பார்த்துத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன்" என்ற வாசகம், இருவரின் கையொப்பம், அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டை என்றால் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், புதியது என்றால் பன்னிரண்டு இலக்கம். அட்டையைப் பார்த்தே எழுதுங்கள், அவர் வாயால் சொல்ல எழுதாதீர்கள். இரண்டு பிரதி. வழியில் யாரும் மறித்து இந்தச் சாமான் எங்கே எடுத்தாய் என்று கேட்டால் வாங்கியவருக்கும் அந்தத் தாள்தான் துணை. அவருக்கு இதைச் சொல்லிக் கேளுங்கள், மறுப்பவர் குறைவு.

"இரண்டு நாள் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்ற வேண்டுகோளுக்கு இணங்காதீர்கள். நல்ல பொக்ஸைக் கொண்டுபோய், உள்ளே ஸ்பீக்கரை மாற்றிவிட்டு, கருகியதைத் திருப்பிக் கொண்டு வந்த கதையைத் தொழிலில் உள்ளவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். விற்கும் முன் மூடியின் திருகாணித் தலைகளில் மகளின் சிவப்பு நகப்பூச்சை ஒரு துளி வைத்து, பாதி திருகாணியிலும் பாதி தகட்டிலும் படும்படி காயவிட்டு, படமெடுத்து வைக்கிறேன். யாராவது திறந்தால் அந்தத் துளி வெடித்துவிடும். திரும்பி வருகிற சாமானில் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

காசு வராமல் போனாலோ மிரட்டினாலோ தாமதிக்காமல் முறைப்பாடு செய்யுங்கள். அவசரத்துக்குப் பொலிஸின் இலக்கம் 119. நான் மிக்சர் விடயத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு பல நாள் பேசாமல் இருந்தேன். அந்த நாள்களில் அதே பையன் வேறு யாரிடமும் போயிருப்பானோ என்ற எண்ணம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

கடைசியாகப் பொக்ஸ்கள் இரண்டும் மல்லாவிப் பக்கத்துப் பிள்ளைகள் மூன்று பேருக்குப் போயின. கோயிலுக்கு என்று ஊரில் சேர்த்த காசு. மண்டபத்தில் கேட்டார்கள், வங்கியில் கொடுத்தார்கள், தாளில் மூன்று பேரும் கையொப்பமிட்டார்கள். பட்டாவில் ஏற்றும்போது கூம்புகள் ஒன்றையொன்று பார்க்கும்படி பொக்ஸ்களைத் திருப்பி வைத்து, நடுவில் பழைய சேலை ஒன்றை மடித்து வைத்துக் கட்டிக்கொடுத்தேன். வீட்டில் இப்போது ஒரு கசற் டெக் மட்டும் இருக்கிறது. நாடாப் பட்டி தளர்ந்துவிட்டது, அதை விளம்பரத்திலேயே எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, அதே திருத்தும் கடையில், ஒருவர் பார்க்க வருகிறார்.